சூயஸில் வீல் பிடித்தவன் சொல்கிறேன்

"காலனி நாடுகள் சுதந்திரம் வாங்கி என்ன கிழித்தன? வெள்ளைக்காரன் கட்டி வைத்ததை ஓட்டக்கூடத் தெரியாமல், இன்றும் வல்லரசுகள் சொல்கிறபடிதானே ஆடுகின்றன?" இதுதான் இங்கே ஒருவர் போட்டிருக்கிற கேள்வி.

கேட்டவர் காலேஜ் தம்பியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பட்டிமன்ற வாடை அடிக்கிறது. உலக அரசியல் பேச எனக்குத் தகுதி கிடையாது தம்பி. நான் பத்தாவது பாஸ், ஊர் தூத்துக்குடி. அப்பா கொழும்புக்குத் தோணியில் போய்வந்தவர். நான் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் ஏ.பி. அதாவது டெக்கில் பெயின்ட் அடிப்பது, கயிறு இழுப்பது, வாட்சில் வீல் பிடிப்பது. ஆனால் அந்த "ஓட்டக்கூடத் தெரியாமல்" என்பதை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அதே வார்த்தையை ஒரு கேப்டன் வாயால் நேரில் கேட்டவன் நான். அதுவும் சூயஸ் கால்வாயின் நடுவில்.

1998, மார்ச் மாதம். கோவாவில் இரும்புத்தாது ஏற்றி இத்தாலிக்குப் போகிறோம். கப்பல் அடிவரை பாரம். கேப்டன் ஐரோப்பியர். எந்த நாடு என்று எழுதினால் அந்த நாட்டு அபிமானி யாராவது சண்டைக்கு வருவார், வேண்டாம். வேலையில் கெட்டிக்காரர், அதையும் சொல்லிவிட வேண்டும். கால்வாய்க்குள் நுழையும் முன்பே ஒரு சிகரெட் கார்ட்டனை சார்ட் டேபிள் மேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டார். "இங்க பைலட்டுங்க இதுக்குத்தான் வர்றாங்க" என்று ஒரு சிரிப்பு. நாங்களும் சிரித்தோம். நானும்தான்.

தெரியாதவர்களுக்கு: கால்வாய்க்குள் கேப்டன் தானாகக் கப்பலை ஓட்டிவிட முடியாது. எகிப்து பைலட், அதாவது கால்வாயில் கப்பலுக்கு வழிகாட்டுகிறவர், ஏறி வருவார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் வீலைத் திருப்ப வேண்டும். பாதி வழியில் இஸ்மாயிலியாவில் ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறுவார். அன்றைக்கு அங்கே ஏறியவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த மீசை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. வந்ததும் என் பக்கம் திரும்பி "எந்த ஊர்?" என்று கேட்டார். இந்தியா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் தென்மேற்கிலிருந்து மணல் காற்று கிளம்பியது. அந்த மாதங்களில் அங்கே அது சகஜம். முன்னால் போகிற கப்பலின் பின்பக்கம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. அப்போதுதான் கேப்டன், சும்மா பேச்சுக்கு என்பதுபோல, "1956 வரைக்கும் இந்தக் கால்வாய் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் ஓட்டத் தெரியாதவங்க கைக்குப் போயிடுச்சு" என்றார். பைலட் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். அவர் எதுவும் சொல்லவில்லை.

காற்று தள்ளித் தள்ளிக் கப்பல் வலது கரையை ஒட்டிவிட்டது. பாரக் கப்பல் கரையை ஒட்டினால் என்ன ஆகும் என்பதை வீல் பிடித்தவனைக் கேளுங்கள். பின்பக்கத்தைக் கரை தன் பக்கம் உறிஞ்சும். மூக்கு எதிர்க்கரையைப் பார்த்து ஓடும். நான் வலதுபக்கம் வீல் கொடுக்கிறேன், கேட்கவில்லை. இன்னும் கொடுக்கிறேன், கேட்கவில்லை. கேப்டன் "ஸ்டாப் எஞ்சின்!" என்று கத்தினார். கத்தத்தான் தோன்றும். பைலட் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கினார். "நோ ஸ்டாப். ஃபுல் அஹெட், கேப்டன். ஹார்ட் ஸ்டார்போர்டு, மை ஃப்ரெண்ட்." கரையைப் பார்த்துப் போகும்போது வீலை முழுக்க வலதுபக்கம் கொடுத்து வேகத்தைக் கூட்டச் சொல்கிறார்! ஆனால் சுக்கானுக்குப் பிடி கிடைப்பது எஞ்சின் தள்ளுகிற தண்ணீரில்தான். நிறுத்தியிருந்தால் நேராக எதிர்க்கரை மணலில் போய் ஏறியிருப்போம். கேப்டன் வாயைத் திறந்தார், பிறகு எஞ்சினுக்கு வேகம் சொல்கிற டெலிகிராஃப் கைப்பிடியை முன்னே தள்ளினார். நாலைந்து மூச்சு இழுக்கிற நேரம்தான். மூக்கு நின்றது, மெல்லத் திரும்பியது. "மிட்ஷிப்ஸ். ஸ்டெடி." பனியனெல்லாம் நனைந்து என் முதுகில் ஒட்டியிருந்தது. பைலட் டீ கேட்டார். மூன்று ஸ்பூன் சர்க்கரை.

டீயைக் கலக்கிக்கொண்டேதான் சொன்னார். 1956-ல் அவருக்குப் பதிமூன்று வயது, ஊர் கால்வாயின் வடக்கு முனையில் இருக்கிற போர்ட் சயீது, அப்பா கப்பல் கயிறு கட்டுகிற படகில் வேலை. செப்டம்பர் நடுவில் அப்பா இரண்டு இரவு வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் உள்ளங்கை தோல் உரிந்து வந்தாராம். சண்டை வந்துவிட்டதா என்று அம்மா கேட்டிருக்கிறார். "சண்டை இல்லை, கப்பல்தான் நிறைய" என்றாராம் அப்பா. கேப்டன் பைனாகுலரை எடுத்துத் தூரத்தில் எதையோ பார்த்தார். அந்த மணலில் என்ன தெரிந்ததோ.

எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. கப்பல் வேலையை விட்டபிறகு தேடித் தேடிப் படித்தேன். பிரான்சின் லெஸெப்ஸ் தொடங்கிய கம்பெனி, எகிப்து விவசாயிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்து வெட்டி, 1869-ல் திறந்த கால்வாய் இது. எகிப்து கடனில் மூழ்கியபோது, 1875-ல், அதன் பங்குகளைப் பிரிட்டன் 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கிப் போட்டது. 1882-ல் பட்டாளமே இறங்கியது. 1956 ஜூலையில் அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை அமெரிக்காவும் பிரிட்டனும் திரும்ப எடுத்துக்கொண்டன. ஒரு வாரத்துக்குள், ஜூலை 26 இரவு, அலெக்சாந்திரியா கூட்டத்தில் எகிப்து அதிபர் நாசர், கால்வாய் இனி எங்களுடையது என்று அறிவித்தார். பேச்சில் "லெஸெப்ஸ்" என்ற பெயர் வந்தால் அதுதான் சைகை. கேட்டதும் மஹ்மூத் யூனிஸ் தலைமையிலான குழு கம்பெனி அலுவலகங்களுக்குள் நுழைந்துவிட்டது. முந்தைய வருடம் கம்பெனிக்கு வந்த மூன்றரைக் கோடி பவுண்டில் எகிப்துக்குக் கிடைத்தது 10 லட்சம் என்று அதே பேச்சில் கணக்கும் சொன்னார்.

லண்டனும் பாரிசும் உடனே பட்டாளத்தை அனுப்பவில்லை. அவர்கள் முதலில் நம்பியது பைலட்டுகளை. இருந்தவர்கள் சுமார் 200 பேர், அதில் எகிப்தியர் ஏறக்குறைய 40. செப்டம்பர் 14 நள்ளிரவோடு வெளிநாட்டு பைலட்டுகளில் பெரும்பாலோர் மூட்டையைக் கட்டினார்கள். கிரேக்கர்கள் போகவில்லை, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அத்தோடு விடாமல் வழக்கத்தைவிட அதிகமாகக் கப்பல்களைக் கொண்டுபோய் வாசலில் குவிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். நாலு நாளில் கால்வாய் அடைத்துக்கொள்ளும், "பார்த்தீர்களா, இவர்களால் முடியாது" என்று உலகத்துக்குக் காட்டிவிட்டு உள்ளே இறங்கலாம் என்று கணக்கு. எங்கள் பைலட்டின் அப்பா வீட்டுக்கு வராத இரவுகள் அவைதான். தூக்கமில்லாமல் ஆள் மாற்றி ஆள் மாற்றி ஓட்டினார்கள். கான்வாய், அதாவது கப்பல் வரிசை, நிற்கவில்லை. வேறு நாடுகளிலிருந்து புதிய பைலட்டுகள் பிறகு வந்து சேர்ந்தார்கள்.

ஓட்டத் தெரியாது என்று சொல்ல வழியில்லாமல் போனபிறகுதான் குண்டு. அக்டோபர் 29-ல் அவர்களோடு பேசி வைத்தபடி இஸ்ரேல் எகிப்துக்குள் வந்தது, 31-ல் பிரிட்டனும் பிரான்சும் விமானத்தை அனுப்பின. நவம்பரில் போர்ட் சயீது எரிந்தது.

இங்கே கமெண்டில் "அமெரிக்க அதிபர் ஐசனோவர் இல்லாவிட்டால் நாசர் காலி" என்று எழுத ஒருவர் தயாராக இருப்பார். எழுதுங்கள் ஐயா, உண்மைதான். பவுண்டு சரிந்தபோது ஐ.எம்.எஃப். என்கிற சர்வதேச நாணய நிதியத்தின் பணம் கிடைக்கவிடாமல் அமெரிக்கா பிரிட்டன் கழுத்தைப் பிடித்தது, சோவியத் யூனியன் ராக்கெட் என்று மிரட்டியது, டிசம்பர் முடிவதற்குள் பிரிட்டன், பிரான்ஸ் படைகள் கிளம்பின. ஆனால் தேதியைப் பாருங்கள். செப்டம்பரில் கால்வாய் அடைத்திருந்தால் நவம்பரில் எகிப்துக்காகப் பேச எவனுக்கு வாய் வந்திருக்கும்? நாசரைப் புனிதர் என்றும் நான் சொல்லவில்லை. பிடிக்காதவர்களைச் சிறையில் போட்டவர். கால்வாயை எடுத்தது திருட்டு என்பவர்களுக்கு: 1958-ல் ஒப்பந்தம் போட்டுப் பங்குதாரர்களுக்கு நஷ்டஈடும் கொடுத்தார்கள். நம் நாடும் சிலோனும் கால்வாய்ப் பிரச்சினைக்காகக் கூடிய லண்டன் மாநாட்டில் பெரிய நாடுகள் பக்கம் சேராமல் நின்றதில் எனக்குப் பெருமை உண்டு. அதே நவம்பரில் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கி நுழைந்தபோது நேருவின் குரல் இறங்கியிருந்தது என்பதும் தெரியும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு ஆசையில்லை.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது புதிதும் அல்ல. 1906-ல் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கியபோது அவருக்கு ஓட்டத் தெரியாமலா போனது? எதிர்க் கம்பெனி டிக்கெட்டை அடிமாட்டு விலைக்கு இறக்கியது, சர்க்கார் அவரைப் பிடித்துச் செக்கிழுக்க வைத்தது. அப்பாவோடு தோணிக்குப் போன பெரியவர்கள் இதைச் சொந்த அண்ணனுக்கு நடந்த மாதிரிதான் சொல்வார்கள்.

கப்பல் என்றதும் ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். என் அக்கா மகன் கப்பல் வேலைக்கான ஜி.பி. ரேட்டிங் கோர்ஸ் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்று ஓர் ஏஜெண்ட் நாலு லட்சம் வாங்கினார். அக்கா நகை வைத்த பணம். இப்போது போன் எடுப்பதில்லை. எடுத்தாலும் "அடுத்த மாசம் தம்பி". கப்பலில் ஏற்றப் பணம் கேட்பதே சட்டப்படி தப்பு. அது தெரிந்தும் கொடுக்கிறோம், ஏனென்றால் கொடுக்காதவன் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். நான் 22 வருடம் கடலில் இருந்தும் என்னைக் கேட்காமல் கொடுத்தார்கள் என்பது வேறு கோபம். இதைப் படிக்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால் ஏஜெண்டின் லைசென்ஸ் நம்பரைப் பார்க்காமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

பைலட் கதையை முடிக்கவில்லையே. இன்னொரு பயணத்தில், போர்ட் சயீது வழியாகத் தெற்கே இறங்கும்போது, லெஸெப்ஸ் சிலை இருந்த பீடத்தைப் பார்த்தேன். படைகள் கிளம்பிய கையோடு சிலையை வெடி வைத்துத் தள்ளிவிட்டார்கள். பீடம் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு மொட்டையாக நின்றது. யாரிடமாவது அந்த பைலட்டைப் பற்றி விசாரிக்கலாம் என்று தோன்றியது, பெயர் கேட்டு வைக்கவில்லை.

அன்றைக்கு அவர் இறங்கும் நேரம் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கேப்டன் கார்ட்டனைக் காட்டினார், இந்தமுறை சிரிக்காமல். பைலட் வேண்டாம் என்பார், கேப்டன் முகம் தொங்கும் என்று நான் வீலில் நின்றபடியே காத்திருந்தேன். அவர் எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். என் தோளைத் தட்டி "குட் வீல்" என்று சொல்லிவிட்டு ஏணிப் பக்கம் போய்விட்டார்.