அது ஆலயத்தின் சுவர் அன்று

கேள்வி: எருசலேமில் யூதர்கள் நெற்றி பதித்து ஜெபிக்கும் சுவர், சாலொமோன் ராஜா கட்டிய தேவாலயத்தில் எஞ்சிய பகுதி என்று புனிதப் பயணத்தில் எங்களுக்கு வழிகாட்டியவர் சொன்னார். சென்ற இதழில் நீங்களோ அதை ஏரோது காலத்துச் சுவர் என்று எழுதிவிட்டீர்கள். வேதாகமத்தில் உள்ளதை மறுப்பது முறையா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: வேதாகமத்தில் உள்ள எதையும் நாங்கள் மறுக்கவில்லை. அந்தச் சுவரைச் சாலொமோன் கட்டினான் என்று வேதாகமத்தில் எங்கும் இல்லை. 1 இராஜாக்கள் ஆறாம் அதிகாரத்தை எடுத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சாலொமோனின் ஆலயம் 60 முழ நீளமும் 20 முழ அகலமும் 30 முழ உயரமும் கொண்டது என்கிறது அது. முழத்துக்கு ஒன்றரை அடி என்று வைத்தால், ஆலயத்தின் நீளம் ஏறத்தாழ 90 அடிதான். நீங்கள் பார்த்த அந்தச் சுவரோ, அதாவது எருசலேமின் மேற்குச் சுவரோ, வீடுகளுக்குப் பின்னாலும் நிலத்தடிச் சுரங்கப் பாதையிலும் தொடர்வதையும் சேர்த்து, சுமார் 488 மீட்டர், அதாவது 1,600 அடி. 90 அடிக் கட்டடத்துக்கு இது எப்படிச் சுவராக இருக்க முடியும்?

முன்மண்டபம், பரிசுத்த ஸ்தலம், 20 முழக் கனசதுரமான மகா பரிசுத்த ஸ்தலம் என்று மூன்று பகுதிகளாக அமைந்து, வாசலில் யாகீன், போவாஸ் என்னும் வெண்கலத் தூண்களோடு நின்ற அந்த ஆலயத்தைக் கி.மு. 586 அளவில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எரித்தது. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் கி.மு. 515 அளவில் அதே இடத்தில் இரண்டாம் ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். கி.மு. 20 அளவில் யூதேயாவின் ராஜா ஏரோது அதைப் புதுப்பிக்கத் தொடங்கியபோதுதான் உங்கள் சுவரின் கதை தொடங்குகிறது.

குன்றின் உச்சியில் அவன் விரும்பிய அளவுக்குச் சமதளம் இல்லை. ஆகவே சரிவைச் சுற்றிலும் மாபெரும் தாங்குசுவர்களை எழுப்பி, உள்ளே மண்ணும் கல்லும் நிரப்பி, அகன்ற மேடை ஒன்றை உண்டாக்கினான். ஆலயம் அந்த மேடையின்மேல், சுவர்களிலிருந்து தள்ளி உள்ளே நின்றது. மேடையைத் தாங்கிய சுவர்களில் ஒன்றின் ஒரு பகுதியே இன்றைய ஜெப இடம். அதன் அடிவரிசைக் கற்களை அருகில் நின்று பார்த்தால் ஏரோது காலத்துக் கைவேலை தெரியும்: நான்கு விளிம்புகளிலும் பட்டைபோல் சற்றுத் தாழச் செதுக்கி, நடுப்பரப்பை மட்டும் மேடாக விட்டிருப்பார்கள். சாந்து பூசாமல் அடுக்கியிருக்கிறார்கள். மேல்வரிசை ஒவ்வொன்றையும் கீழ்வரிசையைவிடச் சில சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள். சுரங்கப் பாதையில் உள்ள ஒரு கல் மட்டும் 13 மீட்டருக்கு மேல் நீளம். உயரே தெரியும் சிறிய கற்கள் பிற்கால ஆட்சியாளர்கள் வைத்தவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரோதுகூட இந்தச் சுவரை முடிக்கவில்லை. சுவரின் தென்பகுதியில் அடிக்கற்களுக்குக் கீழே அகப்பட்ட சடங்குக் குளியல் தொட்டி ஒன்றில், ரோம ஆளுநர் வலேரியஸ் கிராட்டஸ் கி.பி. 17, 18 அளவில் வெளியிட்ட காசுகள் கிடைத்ததாக 2011-இல் அறிவித்தார்கள். ஏரோது இறந்தது கி.மு. 4-இல். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருப்பதும் இதனோடு பொருந்துகிறது: ஏரோதின் கொள்ளுப்பேரன் இரண்டாம் அகிரிப்பாவின் காலத்தில்தான் வேலை முடிந்தது, முடிந்தபோது 18,000 தொழிலாளர்கள் பிழைப்பற்று நின்றார்கள், அவர்களுக்கு வேலை கொடுக்க நகரத் தெருக்களில் வெண்கல் பாவ அனுமதித்தார்கள். ஆலயத்துக்குள் பிறர் காலடி படக்கூடாது என்று ஆசாரியர் ஆயிரம் பேருக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்ததையும் அவரே எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் சாலொமோன் பெயரில் எழுதிவைத்தால், தலைமுறை தலைமுறையாகக் கல் சுமந்த இவர்களை வரலாற்றிலிருந்து அழித்துவிடுகிறோம். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படை ஆலயத்தை அழித்த பிறகும் தாங்குசுவர் நின்றது. ஆலயம் இருந்த இடத்துக்கு அருகில் நின்று ஜெபிக்கலாம் என்பதால் யூதர்கள் அங்கே கூடினார்கள். அவர்களுடைய ஜெபத்துக்குச் சாலொமோனின் கைவேலை என்ற சான்று தேவைப்படவில்லை.

மறுபடி செல்ல வாய்த்தால், அதே சுவரையொட்டித் தெற்கே நடந்து தென்மேற்கு மூலைக்குப் போங்கள். அதன் அடிவாரத்தில் 1968-இல் தொல்லியலாளர் பெஞ்சமின் மசார் தோண்டியபோது, உச்சியிலிருந்து விழுந்த கல் ஒன்று கிடைத்தது. ‘எக்காளம் ஊதும் இடத்துக்கு’ என்று அதில் எபிரெயத்தில் வெட்டியிருக்கிறது. ஓய்வுநாள் தொடங்குவதையும் முடிவதையும் ஆசாரியர் ஒருவர் ஆலய வளாகத்தின் உயரத்தில் நின்று ஊதி நகருக்கு அறிவிப்பார் என்று ஜோசிபஸ் சொன்ன இடம் அதுவாகவே இருக்க வேண்டும். மூலக் கல் இப்போது இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த சொல்லின் நடுவே கல் உடைந்திருப்பதால் வாசகம் அங்கேயே நின்றுவிடுகிறது.