விலையைக் குறைப்பதற்கு முன் உங்கள் கூலியைக் கணக்கிடுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில், தோட்டத்துச் சாலை நகரோடு சேரும் முனையில் ஒட்டுக்கடை வைத்து நாசி லெமாக் விற்கிறேன். வயது 47. ஒரு பொட்டலம் 2 வெள்ளி 50 காசு. நாளைக்கு ஏறக்குறைய 120 பொட்டலம் போகிறது. ஒரு நாளும் கடையை அடைப்பதில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் பணம் நிற்பதில்லை. எதிரில் புதிதாக வந்த கடையில் 20 காசு குறைவு. நானும் குறைக்கலாமா? பணம் கட்டி முகநூலில் விளம்பரம் செய்யலாமா? முழங்கால் வலியும் களைப்பும் வேறு வாட்டுகின்றன.

பதில்: சகோதரி, விலையைக் குறைக்க வேண்டாம். காரணம் நீங்கள் அனுப்பிய செலவுக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு பொட்டலத்துக்கு அரிசி, தேங்காய், நெத்திலி, முட்டை, பொட்டலத் தாள் எல்லாம் சேர்ந்து 1 வெள்ளி 40 காசு ஆகிறது. மீதி 1 வெள்ளி 10 காசு வீதம் 120 பொட்டலத்துக்கு மாதம் 3,960 வெள்ளி. அதில் இட வாடகைக்கும் எரிவாயுவுக்கும் 860 வெள்ளியும், காலையில் மூன்று மணி நேரம் உதவிக்கு வரும் பெண்ணுக்கு நாளைக்கு 30 வெள்ளி வீதம் 900 வெள்ளியும் போக, உங்களுக்கு நிற்பது 2,200 வெள்ளி. அதிகாலை 3 மணிக்கு அடுப்பு மூட்டிப் பிற்பகல் 2 மணிக்குக் கடையை எடுத்து வைத்து, மாலையில் மேலும் ஒரு மணி நேரம் சாமான் வாங்கும் உங்களுக்கு, மாதம் 360 மணி நேர உழைப்புக்குக் கிடைக்கும் கூலி மணிக்கு 6 வெள்ளி 11 காசு. உதவிக்கு வரும் பெண்ணுக்கு மணிக்கு 10 வெள்ளி கொடுக்கிறீர்கள். 2025-இல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோது, அதன் மணிக்கணக்கு 8 வெள்ளி 72 காசு என வகுக்கப்பட்டது. உங்கள் கடையில் மிகக் குறைந்த கூலி வாங்குபவர் நீங்கள்தான்.

இந்த நிலையில் 20 காசு குறைத்தால், பொட்டலத்துக்கு நிற்பது 90 காசாகிவிடும். இப்போதைய வருமானத்தைக் காப்பாற்றவே நாளைக்கு 147 பொட்டலம் விற்க வேண்டும். கூடுதலாக வேண்டிய அந்த 27 பேர், புதிதாக யாரும் குடியேறாத சிறு நகரத்தில் எங்கிருந்து வருவார்கள்? மாறாக, 20 காசு ஏற்றுங்கள். அதனால் நாளைக்குப் பத்துப் பேர் விலகிப் போனாலும், 110 பொட்டலத்தில் 143 வெள்ளி நிற்கும். இப்போது நிற்பது 132 தான். சம்பலின் ருசியும், நீங்கள் வைக்கும் முட்டையின் அளவும் மாறாமல் இருக்கும்வரை அந்தப் பத்துப் பேர்கூட விலகுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கையில் பணம் நிற்காததற்கு வேறொரு காரணம் உங்கள் கடன் புத்தகம். அதில் 1,400 வெள்ளி நிலுவை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் காணாமல்போகும் பணத்தில் பெரும்பகுதி அங்கேதான் தேங்கிக் கிடக்கிறது. கடனை ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். தோட்டத்து மக்களிடம் "எழுதிக்கொள்ளுங்கள்" என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. அதை முறித்தால் ஆள்களையே இழப்பீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பள காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகவே 7-ஆம் தேதிக்குள் வீடுகளில் பணம் புழங்கும். ஒரு வீட்டுக்கு 60 வெள்ளி என்று வரம்பு வைத்து, 8-ஆம் தேதி பழைய கணக்கை முடித்தவருக்கே புதுப் பக்கம் திறப்பது என்பதை எல்லாருக்கும் ஒரே மாதிரி, முன்கூட்டியே, முகம் சுளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஒருவருக்குத் தளர்த்தினால் அந்தச் செய்தி மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

முகநூல் விளம்பரம் உங்களுக்குத் தேவையில்லை. ஈப்போவில் இருப்பவர் ஒரு பொட்டலத்துக்காக உங்களிடம் வரப்போவதில்லை. யார், எத்தனை, எந்த நாளில் வாங்குகிறார்கள் என்பது அந்தக் கடன் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர்களின் சம்மதத்தைக் கேட்டு ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சேர்த்து, இரவு 8 மணிக்குள் மறுநாள் தேவையைச் சொல்லச் சொல்லுங்கள். மீந்துபோகும் சோறும் குறையும்.

அடுத்து உங்கள் உடம்பு. இதுவும் வியாபாரக் கணக்கில் சேர்ந்ததே. திங்கட்கிழமைகளில் 80 பொட்டலந்தான் போகிறது என்கிறீர்கள். உதவியாளர் கூலி போக அன்று நிற்பது 58 வெள்ளி. நான்கு திங்களுக்கு 232. விலையேற்றத்தால் மற்ற 26 நாளில் கூடுதலாகக் கிடைக்கும் 286 வெள்ளி அதை ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே திங்கட்கிழமை கடையை அடையுங்கள். மிஞ்சும் தொகை சிறிதாக இருந்தாலும், சொந்தத் தொழில் செய்வோருக்காக ஊழியர் சேமநிதியில் உள்ள ஐ-சாரான் திட்டத்தில் போடுங்கள். அரசும் ஒரு பங்கு சேர்க்கிறது. உங்கள் ஊரை நன்கறிந்த, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களின் சிறு சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

களைப்பை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ருசி பார்த்துப் பார்த்தே பசியாறி, நேரத்துக்குச் சாப்பிடாமல் நிற்கும் உங்களைப் போன்றவர்களை நினைத்தே இதைக் கவலையோடு எழுதுகிறேன். அரசு சுகாதார மருத்துவகத்தில் 1 வெள்ளிக்கு மருத்துவரைப் பார்க்கலாம். அரசு உதவித்தொகை பெறும் குடும்பமாக இருந்தால், 40 வயதைக் கடந்தவர்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனையும் உண்டு. கடையை அடைக்கும் முதல் திங்கட்கிழமையே போங்கள். இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று முந்தைய வாரமே கேட்டு வைத்துக்கொண்டு, முழங்கால் வலியையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.