பவுன் விலை ஏறும்போதெல்லாம் கடனையும் ஏற்றலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். ஓசூர் சிப்காட்டில் வேலை, சம்பளம் கைக்கு 32,000 ரூபாய். 2023-ல் வீட்டுக்குத் தளம் போட மனைவியின் 12 பவுனை அடகு வைத்து 2.5 லட்சம் வாங்கினேன், வட்டி 12 சதவீதம். 2024-ல் 4 லட்சத்துக்கும் 2025-ல் 6 லட்சத்துக்கும் மாற்றி வைத்தேன். வட்டி போக மீதியை, பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் (விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் போடும் வியாபாரம்) செய்யும் மனைவியின் தம்பிக்குக் கொடுத்தேன். பவுன் லட்சத்தைத் தாண்டியதால் இன்னும் ஒரு லட்சம் தருகிறோம் என்கிறார்கள். மச்சான் அதையும் கேட்கிறார், விட்டதைப் பிடித்துவிடலாமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மச்சான் விஷயம் அப்புறம். முதலில் இந்த மாற்றி வைக்கும் பழக்கத்தைப் பாருங்கள்.

முதல் முறை மாற்றி வைத்தபோது 30,000 வட்டிக்கே போனது, அடுத்த முறை 48,000. ஆக, 6 லட்சத்தில் தளத்துக்கு 2.5 லட்சம், வட்டிக்கு 78,000, மச்சானுக்கு சுமார் 2.7 லட்சம். இத்தனை வருடத்தில் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய்கூட நீங்கள் கட்டவில்லை. விலை ஏறியதால் அது உறைக்கவில்லை. 2013-ல் உலகச் சந்தையில் தங்கம் ஒரே வருடத்தில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அப்படி ஒரு வருடம் திரும்ப வந்தால் மாற்றி வைக்க வழியிருக்காது. கையிலிருந்து கட்டச் சொல்வார்கள், முடியாவிட்டால் ஏலம்தான்.

இப்போது மச்சான். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (மச்சான் செய்யும் ஆப்ஷனும் இதில் அடக்கம்) இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர் நூற்றில் ஒருவர்தான். நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் விடாமல் தொடர்ந்திருக்கிறார்கள். மச்சானும் அதைத்தான் செய்யப் போகிறார், உங்கள் வீட்டு நகையை வைத்து.

வட்டி சேர்ந்து கடன் இன்று 6.7 லட்சம். மாதம் 12,000 கட்டினால் தீர ஏழு வருடம் ஆகும். அதனால் 4 பவுனை விற்றுவிடுங்கள் என்பேன். கழிவு போக 3.8 லட்சம் வந்தால் மீதி 2.9 லட்சம், அதே 12,000 கட்டி இரண்டரை வருடத்துக்குள் முடித்து, 8 பவுனை மீட்டுவிடலாம்.

நகை மனைவியுடையது, கேட்பவரும் அவருடைய தம்பி. அடகுச் சீட்டுகளை அவர் முன் வைத்து, மேலே உள்ள கணக்கைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். தம்பியிடம் மறுக்க வேண்டியது அவரும்தான், நீங்கள் மட்டும் சொன்னால் சண்டையில் முடியும்.

நகையைப் பகுதியாக மீட்க விடுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். விற்கும் நாளில் கல்லைக் கழித்த நிகர எடையைச் சீட்டோடு ஒப்பிடுங்கள், தராசுப் பக்கத்திலேயே நில்லுங்கள். மீதிக் கடனை வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் முறையில் வைக்காமல், மாதத் தவணைக்கு மாற்றிச் சம்பளத் தேதியிலேயே பிடிக்கச் சொல்லுங்கள்.