நாலு எழுத்தும் இருபது வளைவும்

அன்புள்ள அக்கா,

எனக்கு அம்மாபேட்டை. இரண்டு வருடமாகக் காதலிக்கிறோம், தையில் கல்யாணம். போன மாதம் நெட்டில், நம் குணத்தை நாலு எழுத்தில் சொல்லும் அந்த ஆளுமைத் தேர்வை (எம்பிடிஐ) இரண்டு பேரும் எழுதினோம். அவருக்கு ஐஎன்டிஜே, எனக்கு ஈஎன்எஃப்பி. அப்போதிலிருந்து எதற்கெடுத்தாலும் "நான் இன்ட்ரோவர்ட், என் டைப்பே அப்படித்தான்" என்கிறார். போன ஞாயிறு ஏற்காட்டில் ஒரு சின்னச் சண்டை. இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு வார்த்தை பேசவில்லை, அப்புறம் மூன்று நாள் மெசேஜுக்குப் பதிலும் இல்லை. ஆனால் தட்டுவடை செட் வாங்கப் போனால் எனக்குப் பீட்ரூட் வேண்டாம் என்று கடைக்காரரிடம் அவரேதான் முந்திக்கொண்டு சொல்வார். எங்கள் டைப் பொருந்துமா?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்தப் பீட்ரூட்தான்.

சரி, நாலு எழுத்துக்கு வருவோம். கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் 1921இல் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் காத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கியது அது. இரண்டு பேருமே முறையாக உளவியல் படித்தவர்கள் இல்லை, மகள் துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார். அதில் பெரிய சிக்கல் என்னவென்றால், நடுவில் ஒரு கோட்டைப் போட்டு இந்தப் பக்கம் அகமுகி (அதுதான் உங்கள் ஆள் சொல்லும் இன்ட்ரோவர்ட்), அந்தப் பக்கம் கலகலப்பான புறமுகி என்று பிரித்துவிடுகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம். அதனால் சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் நிறையப் பேருக்கு ஏதாவது ஒரு எழுத்து மாறிவிடுகிறது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பதைக் கிண்டல் செய்துவிட்டு, இந்த நாலு எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டால் வரும் பதினாறு வகையில் பொருத்தம் தேடிக்கொண்டிருக்கிறோம்!

குணத்துக்குக் காதலில் வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஆளுமையை ஐந்து குணங்களாக அளக்கும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: இரண்டு பேர் குணமும் ஒத்துப்போகிறதா என்பதால் பெரிய வித்தியாசம் வருவதில்லை, ஒருவர் எவ்வளவு சீக்கிரம் பதறுகிறார், எரிந்து விழுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று நாள் பதில் சொல்லாமல் இருப்பதற்கு இன்ட்ரோவர்ட் என்று பெயர் வைக்க முடியாது. அதற்காக அவரை மட்டும் திட்டவும் மாட்டேன், அந்த மூன்று நாளில் நீங்கள் எத்தனை மெசேஜ் அனுப்பினீர்கள் என்று எழுதவில்லையே? ஒருத்தர் துரத்தத் துரத்த இன்னொருத்தர் ஒதுங்குவார், ஒதுங்க ஒதுங்க இவர் இன்னும் துரத்துவார். எந்த எழுத்துக்காரர்களுக்கும் வரும் வியாதி இது.

என் வீட்டுக்காரரும் பேசாத ஆள்தான். இங்கே மலையில் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் உண்டு. கல்யாணமான புதிதில் கோபம் வந்தால் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் சட்டை நிறம்கூடத் தெரியாது. எப்போது வருவார் என்று தெரியாமல் நான் ஜன்னலிலேயே நிற்பேன், வந்ததும் பிடிபிடியென்று பிடிப்பேன், மறுநாள் இன்னும் சீக்கிரமாகப் போய்விடுவார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆறு மணிக்கு வந்துடறேன், அப்புறம் பேசலாம்" என்றார். ஆறேகாலுக்கு வந்தார். பேசியது பத்து நிமிடம் இருந்தால் அதிகம், ஆனால் அன்றைக்கு நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. இன்றைக்கும் அவர் பேசாத ஆள்தான், போகும்போது மணி மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

அதனால் அடுத்த தடவை "என் டைப்" என்று ஆரம்பித்தால், "சரி, எத்தனை மணிக்குப் பேசலாம்?" என்று மட்டும் கேளுங்கள். அதுவரை நீங்களும் போனைத் தொடக்கூடாது, அதுதான் கஷ்டம். பீட்ரூட்டை ஞாபகம் வைத்திருப்பவருக்கு சொன்ன நேரத்தை ஞாபகம் வைக்க முடியாதா என்ன? அதற்கும் மூன்று நாள் மௌனம்தான் பதில் என்றால் தையை மாசிக்கோ வைகாசிக்கோ தள்ளுங்கள், மண்டப அட்வான்ஸ் போனால் போகட்டும்.

அன்புடன்,
அக்கா