அண்ணாச்சியை கேட் வரைக்கும் வரவிடுங்கள்

(2020 டிசம்பர் இறுதியில், கொரோனா காலத்தில் எழுதியது. இதில் வரும் தேதிகளும் விதிகளும் அப்போதையவை.)

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் ஏழு மாடிக் கட்டடத்தில் இருக்கிறோம். பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். காலையில் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் சைக்கிள் இட்லி அண்ணாச்சி, மே மாதம் திருநெல்வேலிக்குப் போய்விட்டுத் தீபாவளிக்கு முன்பு திரும்பினார். கொரோனாவுக்காக வெளியாட்கள் வரக்கூடாது என்று கட்டடக் கமிட்டி போட்ட தடை இன்னும் இருப்பதால் உள்ளே வர முடியவில்லை. மனசு கேட்காமல் கொஞ்சம் பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். இன்னொன்று, வருஷா வருஷம் காம்பவுண்டில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவோம். இந்த முறை வைக்கலாமா வேண்டாமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். போதாக்குறைக்கு, 71 வயது மாமியார் மார்கழிக்குப் பக்கத்து மாட்டுங்கா கோயிலுக்குக் கூட்டிப்போ என்கிறார். எதைச் செய்ய, எதை விட?
— வாசகி, சயான் கோலிவாடா

பதில்: அன்புச் சகோதரி, அண்ணாச்சி பணத்தை வாங்காதது சரிதான். அவருக்கு வேண்டியது பழைய வாடிக்கை.

இட்லி வியாபாரத்தின் கஷ்டம் முதல் நாள் மத்தியானமே தொடங்கிவிடுகிறது. எத்தனை படி அரிசி ஊறப்போடுவது என்று அப்போதே முடிவு செய்தாக வேண்டும். அரைத்த மாவு நாளைக்கு ஆகும் என்று வைத்தாலும் புளித்துப்போகும். தேங்காய்ச் சட்னி மத்தியானம் தாண்டாது. தொற்றுக்கு முன்பு எந்தத் தெருவில் எவ்வளவு போகும் என்று அவருக்குக் கைக்கணக்கு இருந்திருக்கும். இப்போது எந்தக் கட்டடம் விடும், எது விடாது என்று தெரியாமல் அவித்து எடுத்துக்கொண்டு அலைகிறார். ஆகவே நீங்கள் கொடுக்கும் நூறு ரூபாயைவிட, “நாளைக்கு எங்கள் கட்டடத்துக்கு 120 இட்லி, 40 வடை” என்று முந்தின நாளே சொல்லும் ஒரு போன் அவருக்குப் பெரிது.

உங்கள் கட்டட வாட்ஸ்அப் குழுவில் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குள் கணக்கெடுத்து அவருக்குச் சொல்லிவிடுங்கள். வாரப் பணத்தை ஞாயிற்றுக்கிழமையே முன்கூட்டிக் கொடுத்துவிடுங்கள். விலையில் பேரம் வேண்டாம். ஏழரை மணிக்கு அவர் கேட்டருகே சைக்கிளை நிறுத்தட்டும். மாடிக்கு ஒருவர் பாத்திரத்தோடு இறங்கிவந்து, தன் மாடிக்காரர்களுக்கும் சேர்த்து வாங்கிப்போகட்டும். படியேறி வீடு வீடாக வருவதுதான் கமிட்டியின் பயம் என்றால், இதில் அந்தப் பயத்துக்கே இடமில்லை. செக்ரட்டரி தயங்கினால், ஆப் மூலம் சாப்பாடு கொண்டுவரும் பையன்களை லிஃப்ட் வரைக்கும் விடுகிறோமே என்று நேராகக் கேளுங்கள். அவர்களை விடுவது தப்பில்லை. அதே நியாயத்தை அண்ணாச்சிக்கும் கொடுங்கள் என்கிறேன்.

கடன் விஷயமும் அவரிடம் பேசுங்கள். தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020 ஜூனில் பிஎம் ஸ்வநிதி திட்டத்தைத் தொடங்கியது. 2020 மார்ச் 24-ஆம் தேதிக்கு முன்பிருந்தே வியாபாரம் செய்தவர்களுக்கு, அடமானம் இல்லாமல் 10,000 ரூபாய் வரை கிடைக்கும். ஒரு வருடத்தில் தவணையாகக் கட்டலாம். தவணை தவறாமல் கட்டினால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியமாகத் திரும்ப வரும். மொபைலில் பணம் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை கேஷ்பேக்கும் உண்டு. ஆதாரோடு மொபைல் எண் இணைந்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். வியாபாரச் சான்று இல்லாவிட்டால் மாநகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். உங்கள் வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால், ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி பொங்கல். டிசம்பர் 25 அன்று தாராவியில் ஒரு புதிய தொற்றுகூட இல்லை என்று மாநகராட்சி அறிவித்ததே, ஏப்ரல் 1-க்குப் பிறகு அப்படியொரு நாள் வந்தது அதுதான் முதல் முறை. கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டுக்குப் பத்து அறையில் ஆறேழு பேர் அடைந்து கிடந்து ஈட்டிய நாள் அது. அதை ஒரு காலை நேரக் கூட்டத்தில் தொலைத்துவிடக் கூடாது. காம்பவுண்டில் வரிசை அடுப்பு இந்த வருடம் வேண்டாம் என்பதே என் கருத்து. வாய்விட்டுக் குலவையிடும் இடத்தில் மாஸ்க் எங்கே நிற்கும்?

அதற்காகப் பொங்கலையே விட வேண்டியதில்லை. ஜனவரி 14, வியாழக்கிழமை காலை ஒரே நேரம் குறித்து, அவரவர் வீட்டில் கதவைத் திறந்துவைத்துப் பால் பொங்க விடுங்கள். வாசலில் நின்றபடி ஏழு மாடியும் சேர்ந்து “பொங்கலோ பொங்கல்” சொல்லட்டும். பானையை தாராவியில் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் போய் வாங்குங்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கே மண் மிதிக்கும் குடும்பங்கள் அவை. நம் பொங்கலில் அவர்களுக்கும் பங்குண்டு.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வசூலைப் பற்றி. விழா இல்லையென்றதும் எல்லாச் சங்கங்களும் வசூலையும் நிறுத்திவிடுகின்றன. நாதஸ்வரம், தவில் வாசிப்பவர்கள், சமையல்காரர், பந்தல் போடுபவர், மைக் செட்டுக்காரர் எல்லாரும் அந்த வசூலில்தான் தை மாதத்தை ஓட்டுகிறார்கள். போன சித்திரையிலிருந்து கல்யாணமும் சுருங்கி, கோயில் திருவிழாவும் நின்று, அவர்கள் கையில் ஒன்றுமில்லை. நீங்கள் வழக்கம்போல வசூலியுங்கள். நாதஸ்வரமும் தவிலுமாக இரண்டே பேரைக் கூப்பிட்டுக் காலி காம்பவுண்டின் நடுவே அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லி, எல்லாரும் ஜன்னலிலிருந்து கேளுங்கள். தலைக்கு மேலே ஏழு மாடி ஜனம் நின்று கேட்டால் வாசிப்பவருக்கும் தெம்பு வரும். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் போன வருடம் கொடுத்ததில் பாதியாவது, அடுத்த வருடத்துக்கான அட்வான்ஸ் என்று சொல்லிக் கொடுங்கள். அட்வான்ஸ் என்றால் அண்ணாச்சிகூட வாங்கிக்கொள்வார்.

மாட்டுங்கா கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோம்பிவிலியிலிருந்தும் முலுண்டிலிருந்தும் லோக்கலில் வந்து காப்பிப்பொடியும் அப்பளமும் வாங்கிப்போன கூட்டம் இன்று இல்லை. ரயில் இன்னும் எல்லாருக்கும் திறக்கவில்லை. உங்களுக்கோ பக்கம். அக்டோபர் 5 முதல் ஹோட்டல்களில் பாதி இருக்கைக்கு அனுமதி உண்டு. ஞாயிறு காலை வரிசையில் நிற்காமல், வாரநாளில் மூன்று மணிக்குப் போய்ப் பார்சல் வாங்குங்கள். நேரில் வாங்கினால் ஆப்புக்குப் போகும் கமிஷன் கடைக்காரருக்கு மிச்சம்.

மாமியார் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். நவம்பர் 16 முதல் கோயில்கள் திறந்திருக்கின்றன. ஆனால் 65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்று அரசே அறிவுறுத்தியிருக்கிறது. ஜனவரி 5 வரை இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு வேறு. விடியற்காலை பஜனைக்குப் போக வழியே இல்லை. நீங்கள் மட்டும் ஒரு நாள் பத்து மணிக்குமேல் போய்வாருங்கள். போகும்போது உங்கள் மாடியில் யார் யாருக்குப் பூ வேண்டும் என்று கேட்டு, எல்லாருக்குமாகச் சேர்த்துக் கோயிலருகே இருக்கும் பூக்கடையில் வாங்கிவாருங்கள். மாமியாருக்குத் திருப்பாவை மனப்பாடமாக இருக்குமே. ஆறு மணிக்கு வாட்ஸ்அப் வீடியோவில் கட்டடத்துப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துவிட்டு, தினம் ஒரு பாசுரம் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். தை பிறக்கும்வரை அவருக்கு அது போதும்.