ப்ரீகட் துணி அளவுகள்: பத்து இஞ்ச் சதுரத்தில் ஆரம்பியுங்க

கோபியில் இருக்கிறேன், குவில்ட் தைக்க இப்போதுதான் பழகுகிறேன், சார்ம் பேக், லேயர் கேக், ஜெல்லி ரோல், ஃபேட் குவார்ட்டர் என்று சொல்கிறார்களே, இதில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதெல்லாம் ப்ரீகட், அதாவது குவில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வை தைக்க முன்கூட்டியே அளவாக வெட்டி விற்கும் துணித் துண்டுகள். பெயர்களை விடுங்க. 10 இஞ்ச் சதுரம் ஒன்றை மனசில் வையுங்க, அதுதான் லேயர் கேக். அதை நாலாக வெட்டினால் 5 இஞ்ச் சதுரம், சார்ம். சார்மையும் நாலாக வெட்டினால் இரண்டரை இஞ்ச், மினி சார்ம். அதே இரண்டரை இஞ்ச் அகலத்தில் துணியின் முழுப் பன்னாவுக்கும், அதாவது கரைக்குக் கரை, நீளப் பட்டையாக வெட்டிச் சுருட்டி வைத்தால் ஜெல்லி ரோல், பெரும்பாலும் ஒரு சுருளில் 40 பட்டை. ஃபேட் குவார்ட்டர் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. 44 இஞ்ச் பன்னாவில் ஒரு கஜத்தை நெடுக்கில் பாதி, குறுக்கில் பாதி என்று நாலாக்கினால் வருகிற 18-க்கு 22 துண்டு அது. அதில் பன்னிரண்டு சார்ம் தாராளமாக எடுக்கலாம்.

புதிதாகத் தைப்பவர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். குவில்ட்டில் தையலுக்கு விடுவது கால் இஞ்ச், நம்ம டெய்லர் கணக்கில் ரெண்டு நூல். ரெண்டு பக்கமும் போக 5 இஞ்ச் சதுரம் தைத்து முடித்ததும் நாலரைதான் நிற்கும், இரண்டரை இஞ்ச் பட்டை ரெண்டு இஞ்ச் ஆகிவிடும். 42 சார்ம் உள்ள ஒரு பேக்கை ஆறுக்கு ஏழாக அடுக்கினால் 30-க்கு 35 என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராதீங்க, கைக்கு வருவது 27-க்கு 31½. தொட்டில் குழந்தைக்குச் சரியாக இருக்கும், பெரியவர்களுக்குக் கால்கூட மூடாது. அதே 42 எண்ணிக்கை லேயர் கேக் என்றால் 57-க்கு 66½, ஒரு ஆள் படுத்துப் போர்த்தலாம்.

கடையில் வாங்கும் பேக்கில் ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும், நூல் பிரியாமல் இருக்கத்தான் அப்படி. அளவு பல்லின் வெளி முனையிலிருந்தா, உள்பள்ளத்திலிருந்தா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் பிரித்ததும் ஒரு துண்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு மெஷினில் உட்காருங்க. இந்தத் துண்டுகளை முன்னாடியே துவைக்காதீங்க, ஓரம் பிரிந்து அளவும் போய்விடும்.

என்னைக் கேட்டால் நீங்கள் பேக் வாங்கவே வேண்டாம் என்பேன். இறக்குமதிப் பேக்குக்குக் கொடுக்கிற காசுக்கு ஈரோட்டில் எவ்வளவு காட்டன் எடுக்கலாம்! கனி மார்க்கெட் பக்கம் ஒரு நடை போய் 44 இஞ்ச் பன்னாவில் நல்ல காட்டனாகப் பார்த்து அரை மீட்டர் அரை மீட்டராக வாங்குங்க. அரை மீட்டர் என்பது பத்தொன்பதரை இஞ்சுக்குக் கொஞ்சம் கூட, அதை நடுமடிப்பில் பிளந்தால் ஃபேட் குவார்ட்டர் ரெண்டு, ஒன்றரை இஞ்ச் மிச்சத்தோடு. ஆனால் பன்னாவைக் கேட்டு வாங்கணும். 36 இஞ்ச் பன்னா என்றால் 22-க்குப் பதில் 18-தான் கிடைக்கும், ஜெல்லி ரோலுக்கு எழுதிய பேட்டர்னுக்கும் பட்டை நீளம் பத்தாது. மீட்டரில் எடுத்த துணியை மட்டும் கட்டாயம் நனைத்துக் காயவைத்து அயர்ன் போட்டுவிட்டு வெட்டுங்க, சுருங்குவதும் சாயம் போவதும் முதலிலேயே தெரிந்துவிடும். அடர் சிவப்பை வெள்ளைப் பக்கத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் ரெண்டு தண்ணீர் அலசுங்க.

திருப்பூர் காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் கிடைக்கிற பனியன் துணி மலிவுதான், ஆனால் முதல் குவில்ட்டுக்கு வேண்டாம். இழுத்தால் நீளும் துணியில் 5 இஞ்ச் சதுரமாக வெட்டினாலும் தைத்து முடிக்கையில் சதுரமாக இருக்காது.

அப்புறம், முதல் வேலைக்கு 5 இஞ்ச் சதுரமே போதும். ஜெல்லி ரோல் பார்க்க சுலபமாகத் தெரியும், ஆனால் அவ்வளவு நீளத்துக்குக் கால் இஞ்ச் தையல் விலகாமல் ஓட்டக் கை பழகணும், இல்லையென்றால் பட்டைகள் வில்லாக வளையும். அடுத்தடுத்த பட்டையை எதிர்த்திசையில் தைத்தால் அந்த வளைவு கொஞ்சம் அடங்கும்.