வேலை முதலில், எண் அப்புறம்

கேள்வி: அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வந்து ஒரு வாரம் ஆகிறது. எஃப்-1 (மாணவர்) விசா. பல்கலைக்கழக நூலகத்தில் பகுதி நேர வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம், வரிக் கணக்குக்கான சோஷியல் செக்யூரிட்டி எண் (எஸ்.எஸ்.என்.) கேட்கிறார்கள். உடனே போய் விண்ணப்பிக்கலாமா? பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான், சர்நேம் காலி. சிக்கல் வருமா?

பதில்: சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு இன்றைக்கே ஓடாதீர்கள். குடிவரவுத் துறையின் பதிவோடு உங்கள் விவரம் ஒத்துப்போனால்தான் எண் தருவார்கள். நாட்டுக்குள் வந்து 10 நாள் கழியட்டும். பல்கலைக்கழகத்தில் வருகையைப் பதிவு செய்து 48 மணி நேரமாவது ஆகட்டும். அவசரப்பட்டுப் போனால் சரிபார்ப்பிலேயே விண்ணப்பம் கிடக்கும்.

வங்கிக் கணக்குக்கு, செல்போனுக்கு என்று காரணம் சொல்லி வாங்க முடியாது. வேலை இருந்தால்தான் இந்த எண். உங்களுக்கு இருக்கிறது, ஆகவே கவலையில்லை. ஆனால் அதைக் காட்ட இரண்டு கடிதங்கள் வேண்டும்.

முதல் கடிதம் நூலகத்தில் வாங்க வேண்டியது. என்ன வேலை, எந்தத் தேதியில் தொடக்கம், வாரம் எத்தனை மணி நேரம், மேற்பார்வையாளரின் பெயர், தொலைபேசி எண், பல்கலைக்கழகத்தின் இ.ஐ.என். (வேலை தருபவருக்கான வரி அடையாள எண்) எல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்த இ.ஐ.என்.னைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டுபோனால் போதாது. கையெழுத்திட்ட அசல் தேவை. இரண்டாவது கடிதத்தை வெளிநாட்டு மாணவர் அலுவலகம் தரும். இவற்றோடு பாஸ்போர்ட், விசா, ஐ-20 (பல்கலைக்கழகம் தந்த மாணவர் தகுதிச் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), நிரப்பிய எஸ்.எஸ்-5 விண்ணப்பப் படிவம். நகல்கள் செல்லாது. வேலை தொடங்க 30 நாளுக்கு மேல் இருந்தால் பிறகு வரச் சொல்வார்கள். கட்டணம் கிடையாது, பணம் வாங்கிக்கொண்டு எண் எடுத்துத் தருகிறேன் என்பவர்களை அண்ட விடாதீர்கள்.

இனி பெயர். நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (First Name Unknown, முதற்பெயர் தெரியவில்லை) என்று விழும். அது யாரோ செய்த பிழை அல்ல, வழக்கமான ஏற்பாடு. பார்க்க வேண்டியது வேறு: விசா, ஐ-20, ஐ-94 மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா? ஐ-94ஐ இணையத்தில் இறக்கி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் முதலில் மாணவர் அலுவலகத்தில் சொல்லிச் சரி செய்துவிட்டு அப்புறம் போங்கள். அப்பாவின் பெயரை நீங்களாக ஒட்டிப் படிவத்தை நிரப்ப வேண்டாம்.

அட்டை தபாலில் வரும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில். அறைத்தோழர்களோடு இருக்கிறீர்கள் என்றால் தபால் பெட்டியில் உங்கள் பெயரும் இருக்கட்டும். இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடலாம்.

அதுவரை வேலையைத் தள்ளிப்போட வேண்டுமா? சட்டப்படி அவசியமில்லை. விண்ணப்பித்த ரசீதைச் சம்பளப் பிரிவில் காட்டுங்கள், எண் வந்ததும் கொடுத்துவிடலாம். படிப்பு நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிப் பிடித்தம் கிடையாது. இரண்டும் சேர்ந்த 7.65 சதவீதத்தைப் பிடித்திருந்தால், அந்த வாரமே கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.